கண்ணாடித் தகட்டின் ஓரம்

எண்பதுகளில் ஈப்போவில் ஒரு மருத்துவமனையின் திசு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். அறுவை சிகிச்சையில் எடுத்த சதைத் துண்டை மெழுகில் பதித்து, தாளைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயம் ஏற்றி டாக்டரின் மேசைக்கு அனுப்புவது என் வேலை. நோய் உண்டா இல்லையா என்று சொல்வது அவர் வேலை. வாரத்தில் ஒரு நாள், பயிற்சிக்கு வரும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு அந்தத் தகடுகளைக் காட்டிப் பாடம் நடத்துவதும் என் தலையில் விழுந்திருந்தது.

இருந்தது ஒரே மைக்ரோஸ்கோப். பிள்ளைகள் வரிசையில் நின்று ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்து, "தெரியுது அக்கா" என்பார்கள். பாதிப் பேருக்குத் தங்கள் இமை மயிர்தான் தெரிந்திருக்கும். அது எனக்கும் தெரியும். ஆனாலும் யாரும் கேள்வி கேட்காதது ஒரு நிம்மதி. சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்து, பள்ளியில் ஐந்தாம் படிவத்தோடு வேலைக்கு வந்தவள் நான். பதில் தெரியாமல் நின்றுவிடுவேனோ என்ற பயம் எப்போதும் உள்ளே இருக்கும்.

பிறகு மைக்ரோஸ்கோப்பின் மேல் பொருத்தும் கேமரா ஒன்று வந்தது. கலர் டிவியோடு இணைத்தால் தகட்டில் இருப்பது திரை முழுக்க விரியும். முதல் வகுப்புக்கு எனக்கு நன்றாகப் பழகிய தகடு ஒன்றை எடுத்தேன். ஒரு பெண்ணின் மார்பிலிருந்து எடுத்த, தீங்கில்லாத கட்டி. டாக்டருக்கு அனுப்பிய பிறகு, பாடத்துக்காக அதே மெழுகிலிருந்து நானே கூடுதலாகச் சீவி வைத்தது. பலமுறை காட்டியிருக்கிறேன், எப்போதும் நடுப்பகுதியை மட்டும்.

அன்று கை தவறித் தகடு நகர்ந்துவிட்டது. திரையில் ஓரம் வந்தது.

"அக்கா, அந்த மூலையில கறுப்புக் கறுப்பா குவிஞ்சி இருக்கே, அது என்னா?" பாரிட் புந்தாரிலிருந்து வந்திருந்த பெண் கேட்டாள்.

பார்த்தேன். மற்ற இடங்களில் செல்கள் ஒரே அளவில் அடக்கமாக இருந்தன. அங்கே மட்டும் ஒழுங்கில்லாமல், பருத்துக் கறுத்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

"சாயம் தேங்கிப்போச்சு. வேற ஒன்னுமில்ல," என்று சொல்லித் தகட்டை மாற்றினேன்.

வகுப்பு முடிந்ததும் பதிவேட்டைப் புரட்டினேன். சிலிம் ரிவரில் ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டும் பெண். நாற்பது வயது. பத்து மாதங்களுக்கு முன்பு, பயமில்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

சீவிய மெழுகை வெந்நீரில் மிதக்கவிட்டுத்தான் தகட்டில் எடுப்போம். நீரை மாற்றாமல் விட்டால் வேறொருவருடைய சதைத் துணுக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படியென்றால் தவறு என்னுடையது. இல்லையென்றால் நோய் அந்தப் பெண்ணின் உடம்பில் இருக்கிறது. என் தவறாக இருக்கட்டும் என்று ஒரு கணம் வேண்டினேன். அடுத்த கணமே, இருந்துவிடக் கூடாதே என்று வேண்டினேன். இரண்டு நாள் அந்தத் தகடு என் சட்டைப்பையில் கிடந்தது. கழுவுதொட்டியில் போட்டு உடைத்தால் முடிந்தது, யாருக்கும் தெரியாது. அப்படி நினைத்ததை இங்கே மறைக்க விரும்பவில்லை.

மூன்றாம் நாள் காலையில் டாக்டரின் மேசையில் வைத்தேன். அவர் சீனர், அதிகம் பேசாதவர். எங்களுக்குள் மலாய்தான். நெடுநேரம் பார்த்துவிட்டு, "எப்போது கண்டாய்?" என்றார்.

"இரண்டு நாளாச்சு."

திட்டுவார் என்று நின்றேன். "அதே மெழுகை எடு. புது நீரில், இப்போதே சீவு" என்று மட்டும் சொன்னார். முதல் இரண்டு சீவல்கள் கிழிந்தன. அவர் பக்கத்திலேயே நின்றார். சாயம் ஏற்றிக் கொடுத்ததும் குனிந்து பார்த்தார்.

"இருக்கிறது."

பிறகு, பத்து மாதங்களுக்கு முன்பு தான் பார்த்த பழைய தகட்டைத் தேடி எடுத்தார். அதில் அந்த ஓரம் இல்லை. நோய் இன்னும் ஆழத்தில் இருந்திருக்கிறது. ஆனாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடி பார்த்தார், மறுபடியும் பார்த்தார். அவரும் பயந்திருந்தார்.

தோட்டத்துக்குக் கடிதம் போனது. பதில் இல்லை. அடுத்த வகுப்பில் பிள்ளைகளிடம், "போன வாரம் நான் சொன்னது பொய். அது சாயம் இல்ல" என்றேன். மறுநாள் பஸ் ஏறினேன்.

தோட்டத்து மருந்தகத்து டிரசர் என்னைத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு அழைத்துப் போனார். அந்தப் பெண் அப்போதுதான் வெட்டு முடிந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார்.

"ஈப்போ ஆஸ்பத்திரியிலேர்ந்து வாரேன் அக்கா. இன்னொரு தடவ பாக்கணும்னு டாக்டர் சொல்றாரு."

"கடுதாசி வந்துச்சு. நான்தான் பிரிக்கல லா," என்றார். "ஒன்னுமில்லன்னு சொன்னவங்க ஏன் மறுபடி எழுதணும்? பயந்துட்டேன்."

"இப்ப எப்படி இருக்கு?"

டிரசர் நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினார். "அதே எடத்துல மறுபடி தட்டுப்படுது. ரெண்டு மாசமாச்சு. சின்னவ பரீட்சை முடியட்டும்னு யாருகிட்டயும் சொல்லல."

"நானும் ரெண்டு நாள் சொல்லாமதான் வச்சிருந்தேன் அக்கா."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். என்ன புரிந்ததோ தெரியாது. "இருங்க, சேலை மாத்திட்டு வாரேன்" என்று உள்ளே போனார்.

மார்பை எடுத்தார்கள். நோய் பரவியிருக்கிறதா என்று பார்க்க, அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகள் என் மேசைக்கு வந்தன. "வேறு யாராவது சீவட்டும் டாக்டர்" என்றேன். "நீதான்" என்றார். நாள் முழுக்கச் சீவினேன். அவர் ஒவ்வொரு தகடாகப் பார்த்துப் பக்கத்தில் அடுக்கினார். கடைசித் தகட்டை வைத்துவிட்டு, "பரவவில்லை" என்றார். நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்குப் போகும் நாளில் அந்தப் பெண் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றார். "டிவியில பாத்தீங்களாமே. எனக்கும் காட்டுங்க."

காட்டினேன். இளஞ்சிவப்பும் நீலமுமாகத் திரை நிறைந்தது. அந்த ஓரத்தை விரலால் தொட்டுக் காட்டியபோது அவர் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இது இப்ப எங்க இருக்கு?"

"மெழுகுக்குள்ள. அலமாரியில வச்சிருக்கு."

"பூட்டியிருக்கா?"

"பூட்டியிருக்கு அக்கா."

நான் அங்கே வேலை பார்த்தவரைக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வந்துபோனார். அந்தத் தேதிகள் எனக்கு மனப்பாடம். பஸ் தாமதமாகி அவர் வரும் நேரம் தள்ளிப்போனால், வேலை ஓடாமல் ஜன்னலோரம் போய் நின்றுவிடுவேன்.