ரிஜெக்ட் தோல்

வேலூரில் ஒரு மருத்துவமனையில் நான் நர்ஸ். ரத்தம் உறையாமல் இருக்க வீட்டிலேயே ஊசி போட்டுக்கொள்ள வேண்டியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் என் வேலை. தொப்புளிலிருந்து மூணு விரல் தள்ளி, சதையைக் கிள்ளிப் பிடித்து, ஊசியை நேராக இறக்க வேண்டும். சிரிஞ்சுக்குள் தெரியும் காற்றுக் குமிழியைத் தள்ளிவிடக் கூடாது. எடுத்த பிறகு தேய்க்கக் கூடாது. கடைசியாக ஒன்று சொல்வேன்: "அங்க நீலமா கன்னிப்போகும். பயந்து நிறுத்திடாதீங்க, போன் பண்ணுங்க."

அப்பாவுக்கு அந்தக் கடைசி வரியை நான் சொல்லவில்லை.

அவர் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் செலக்‌ஷனில் இருந்தார். தோலை வெளிச்சத்தில் விரித்து, உண்ணி கடித்த புள்ளி, முள் கிழித்த கோடு பார்த்துத் தரம் பிரிப்பார். வழுக்கி விழுந்து தொடை எலும்பு உடைந்து ஆபரேஷன் ஆனது. ஆஸ்பத்திரியில் ஒரு மாத ஊசியும் ஒரு தாளும் கொடுத்து அனுப்பினார்கள். தாளில் எல்லாம் இருந்தது. எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நானே சொல்லிக்கிறேன் என்று அங்கிருந்த சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன். டூட்டிக்கு நேரமாகியிருந்தது. அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினேன்.

பத்தாம் நாள் அப்பா போன் செய்தார். சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டுச் சொன்னார்:

"வயிறெல்லாம் நீலம் நீலமா கீதுபா. செலக்‌ஷன்ல நிக்காது. ரிஜெக்ட் தோலு."

சிரித்தேன். அவரும் சிரித்தார். வார்டில் கூப்பிட்டார்கள், வைத்துவிட்டேன்.

அன்றோடு ஊசியை நிறுத்தியிருக்கிறார். பையனைப் பேஜார் பண்ணாதே என்று அம்மாவிடம் சொன்னாராம். ஒன்பது நாள் கழித்து, காலையில் பல் விளக்கும்போது மூச்சு வாங்கியது. காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய்விட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது முடிந்திருந்தது.

மீதி ஊசிகள் டிவி மேல் அட்டைப்பெட்டியில் இருந்தன. எடுத்துக் காலாவதித் தேதியைப் பார்த்தேன். எதற்குப் பார்த்தேன் என்று தெரியவில்லை. காரியம் முடிந்ததும் டூட்டிக்குப் போனேன்.

போன வாரம், நான் ஊசி சொல்லிக்கொடுத்து அனுப்பிய ஒரு பாய் பேரணாம்பட்டிலிருந்து திரும்பக் காட்ட வந்தார். சட்டையைத் தூக்கி, "வயித்துல இந்தியா மேப்பே போட்டுட்டியே தம்பி" என்றார். பக்கத்திலிருந்த அவர் மனைவி சிரித்தார்.

"இன்னிக்கு ஊசி போட்டீங்களா பாய்?"

அவர் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார். மூணு நாளாகப் போடவில்லை என்று அந்தம்மாதான் சொன்னார். டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தொப்புளிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.