புவனாவின் பந்தோபஸ்து

பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கும் ராஜமுருகனின் மனைவி புவனாவைப் பொறுத்தவரை, மனிதர்களில் இரண்டே வகைதான். பறிகொடுத்தவர்கள், இனிமேல் பறிகொடுக்கப் போகிறவர்கள். இந்த இரண்டிலும் சேராத ஒரே ஆள் தான்தான் என்று, கொச்சிக்குப் போகும் வரைக்கும் அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

அப்படி நம்பியதில் தப்புச் சொல்ல முடியாது. கல்யாணமாகி வந்ததிலிருந்து கல்லாவில் உட்கார்ந்து அவள் பார்த்ததெல்லாம் தொலைத்தவர்களைத்தான். செருப்பைத் தொலைத்தவர், செல்போனைத் தொலைத்தவர், மலைக்கு ஏற்றும் விஞ்ச் ரயில் வரிசையில் மாமியாரைத் தொலைத்துவிட்டு நிதானமாகப் பஞ்சாமிர்தம் வாங்க வந்தவர். ஒரு தைப்பூசத்தின்போது, குடும்பத்தோடு மொட்டை போட்ட ஒருவர் வேறு யாருடைய மொட்டைப் பிள்ளையையோ தன் பிள்ளை என்று ஒட்டன்சத்திரம் வரைக்கும் கூட்டிப்போய்விட்டார். அது பரோட்டாவுக்குச் சர்க்கரை கேட்ட பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்ததாம். புவனா இதைச் சூடம் அடித்துச் சொல்வாள். அந்தப் பிள்ளை சொந்த வீட்டுக்குத் திரும்ப மாட்டேன் என்று அழுதது மட்டும் அவள் கைச்சரக்கு.

அதனால் அவள் கடையில் டப்பா வாங்கினால் புத்திமதி இலவசம். "பைய முன்னால போடுங்கம்மா. ஐயா, சட்டப் பையில ரூவா தெரியுது, உள்ள தள்ளுங்க. பாப்பா கையில உங்க போன் நம்பர எழுதுங்க." பக்கத்துக் கடைக்காரர்கள் அவளுக்குப் 'போலீஸ் புவனா' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. சம்பளம் இல்லை என்பதுதான் வருத்தம்.

ராஜமுருகனின் பூகோளம் சின்னது. மேலே மலைவாழைப்பழம் பார்க்க ஆடலூர், பெரும்பாறை. கீழே ஒட்டன்சத்திரம் சந்தை. அதைத் தாண்டிய ஊர்களெல்லாம் அவருக்கு வாடிக்கையாளர்களின் வாயால் மட்டுமே தெரியும். புவனா எந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தாலும், அந்த வாரம் பார்த்து மலையில் பழம் பழுத்துவிடும். இப்படியே காலம் போய், கோயம்புத்தூரில் வேலையிலிருக்கும் மகள் சுகன்யா ஒருநாள் கேட்காமலே கப்பலுக்குச் சீட்டுப் போட்டுவிட்டாள். கொச்சியில் ஏறிக் கடலில் ஒரு சுற்றுச் சுற்றி, கொச்சியிலேயே வந்து இறங்கும் உல்லாசக் கப்பல்.

"வர்றேன்," என்றார் ராஜமுருகன், பல் பிடுங்கச் சம்மதிப்பவரைப் போல. "ஆனா எல்லாம் உன் பொறுப்பு. ஏதாச்சும் ஒண்ணு கெட்டுச்சுன்னு வையி, அப்புறம் என் ஆயுசுக்கும் எங்கயும் வாங்கன்னு என்னயக் கூப்பிடக்கூடாது."

"கூப்பிட்டா ஏன்னு கேளுங்க," என்றாள் புவனா.

சொல்லிவிட்டாளே தவிர, உடனே மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இந்த ஒரு பயணம் பாழானால் மிச்சக் காலத்துக்கும் கல்லாப்பெட்டியைத்தான் ஜன்னலாக வைத்து உலகம் பார்க்க வேண்டும்.

சுகன்யா போனில் எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். "கெளம்புற அன்னைக்குக் காலைல ஓடாதீங்கம்மா. முந்தின நாளே போயித் தங்கிருங்க. தொறைமுகத்துக்குப் பக்கத்துலயே ஒரு வீட்டுல ரூம் போட்டிருக்கேன், நல்ல மனுசங்க. அப்புறம், ஆதார் அட்ட அசல் வேணும். போன்ல காமிச்சா கப்பல்ல ஏத்த மாட்டாங்க. தொறைமுக ஊரு, கொஞ்சம் சூதானமா இருங்க."

சூதானமாம்! யாரிடம் யார் சொல்வது? புவனாவுக்குத் தெரிந்த துறைமுகமெல்லாம் பழைய படங்களில் பார்த்தவைதான். அங்கே கட்டம் போட்ட பனியன்காரர்கள் பெட்டி மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கைப்பையா, முதலில் போவதே அதுதான். இடுப்பில் முடிவதா, அது எல்லாத் திருடனுக்கும் பாடம். யோசித்து யோசித்து, ராஜமுருகன் பழம் பார்க்க மலைக்குப் போயிருந்த நேரத்தில், உலகத்தில் வேறு எந்தப் பெண்ணுக்கும் வாய்க்காத ஒரு யோசனை புவனாவுக்கு உதித்தது. ஏனென்றால் வேறு எந்தப் பெண் வீட்டிலும் டப்பாவுக்குச் சீல் போடும் மெஷின் இல்லை.

இரண்டு ஆதார் அட்டைகளையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி, அதை இன்னொரு பையில் சுற்றி, காலி டப்பாவின் அடியில் வைத்தாள். தூக்கிப் பார்ப்பவனுக்குக் கனம் சரியாக இருக்க வேண்டுமே? மேலே பஞ்சாமிர்தத்தை ஊற்றினாள். மெஷினில் கொடுத்து அடைத்தாள். கொச்சியில் யாருக்காவது கொடுக்கலாம் என்று எடுத்து வைத்திருந்த மற்ற டப்பாக்களோடு அதையும் ஒரு துணிப்பையில் போட்டாள். அடையாளத்துக்கு அதன் மூடியில் மட்டும் ஒரு குங்குமப் பொட்டு. ராஜமுருகனிடம் மூச்சு விடவில்லை. அவர் தூக்கத்தில் உளறுகிறவர்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. விற்கிற டப்பா விற்கிற டப்பா. ஆனால் காசு வாங்காமல் கொடுக்கும் டப்பா, குங்குமம் வைக்காமல் வீட்டை விட்டுப் போகாது. புவனாவுக்கு இது தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். தன் கெட்டிக்காரத்தனத்தின் அழகில் மயங்கியிருந்த அந்த நேரத்தில் மட்டும் தெரியவில்லை.

மறுநாள் வெள்ளனே பாலக்காட்டுக்குப் பேருந்து, அங்கிருந்து கன்னியாகுமரி ரயில். சேலைகள் மட்டுமே இருந்த பெட்டியைப் புவனா தாலியைப் போலக் காத்தாள். டப்பாப் பையை அலட்சியமாக ராஜமுருகனின் காலடியில் தள்ளினாள். அலட்சியமாக வைத்தால் திருடனும் அலட்சியமாகப் பார்ப்பான் என்பது அவளுடைய தத்துவம். கழிவறைக்குக்கூடப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். எதிரே உட்கார்ந்திருந்த நாகர்கோவில்காரர் மணியன் அதைப் பார்த்து, "உங்க வீட்டம்மா இறங்கிட்டாவளா?" என்று கேட்டாராம்.

கொச்சியில் ஆட்டோ ஏறுவதற்கு முன் வண்டி எண்ணைப் படமெடுத்து மகளுக்கு அனுப்பினாள். ஓட்டுநர் எந்த ஊர் என்று கேட்டதற்கு, "இந்த ஊருதான்," என்றாள், பழனித் தமிழில். தங்கும் வீட்டுக்காரி லிஸி சேச்சி காப்பி கொண்டுவந்து, "கப்பலுக்கா?" என்று அன்பாகக் கேட்டபோதும் புவனா அசரவில்லை. கப்பலுக்குப் போகிறவர்கள் என்று தெரிந்தால் நகை, பணம் என்று கணக்குப் போடுவார்களே!

"இல்லைங்க. கல்யாணத்துக்கு வந்திருக்கோம்."

"யாரோட கல்யாணம்?"

"எங்க... பெரியப்பா கல்யாணம்."

லிஸி சேச்சி காப்பித் தட்டைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். "பெரியப்பாக்கு ஆசம்சகள்," என்று வாழ்த்திவிட்டு உள்ளே போனாள்.

"எங்க பெரியப்பா போயிச் சேந்து வருசமாச்சே!" என்றார் ராஜமுருகன்.

"வாய மூடுங்க. இதெல்லாம் ஒரு பந்தோபஸ்து." கதவுக்கு வீட்டுப் பூட்டு, அதற்கு மேல் பழனியிலிருந்து கொண்டுபோன பூட்டு, அதற்கு முன்னால் நாற்காலி, நாற்காலி மேல் ராஜமுருகன் என்று ஏற்பாடு செய்துவிட்டு, அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் துறைமுகத்தில் கப்பலைப் பார்த்ததும் ராஜமுருகனுக்கு வாய் பிளந்துவிட்டது. "ஏ புவனா, நம்ம மலையில பாதி ஒசரம் இருக்கும் போலிருக்கே! வெரசா நட, வெரசா நட." வர மாட்டேன் என்று முரண்டு பிடித்த மனிதர் முன்னால் ஓட, புவனா பெட்டியோடு பின்னால் ஓடினாள். அவள் வாழ்க்கையிலேயே பெருமையான ஓட்டம் அது.

கவுன்டரில் இருந்த பெண் கையை நீட்டினாள். "ஆதார் ஒரிஜினல்."

"இந்தா," என்று புவனா துணிப்பையைத் திறந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். அத்தனை மூடிகளும் அழகாகப் பொட்டு வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தன.

"என்னங்க... இதெல்லாம் யாரு வச்சது?"

"நாந்தான். ஒண்ணுக்கு மட்டும் வச்சுட்டு மறந்துட்டியே, அதான் மிச்சத்துக்கும் நானே வச்சேன்," என்றார் ராஜமுருகன், பாராட்டை எதிர்பார்த்து.

புவனா விஷயத்தைச் சொன்னாள். அவர் திட்டுவார் என்று நினைத்தாள். அவர் திட்டவில்லை. அவளையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

பக்கத்துத் தேநீர்க் கடையில் டப்பா திறக்கிற கருவி கிடைத்தது. ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். முதல் டப்பாவில் பஞ்சாமிர்தம். அடுத்ததிலும் பஞ்சாமிர்தம். கரண்டியால் துழாவத் துழாவ வாசனை கிளம்பி, வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். திறந்ததை வீணாக்குவானேன் என்று ராஜமுருகன் ஒரு குழந்தையின் கையில் கொஞ்சம் வைத்தார். அவ்வளவுதான், கப்பல் கம்பெனியின் வரவேற்பு என்று நினைத்து ஆட்கள் கையை நீட்டிக்கொண்டு புது வரிசை கட்டிவிட்டார்கள். ஒரு அம்மாள், "அடுத்து ஜூஸ் வருமா?" என்று புவனாவிடமே கேட்டாள்.

கடைசி டப்பாவும் காலி. அட்டை இல்லை.

"வேற யாருக்காச்சும் குடுத்தீங்களா?"

"நீ பெட்டியோட பாத்ரூம் போயிருந்தப்ப அந்த நாகர்கோவில்காரருக்கு ஒண்ணு. காலைல லிஸியம்மாவுக்கு ஒண்ணு. சும்மாவா வர்றது?"

லிஸி சேச்சிக்குப் போன் போட்டு, "நாங்க கல்யாணத்துக்கு வரலைங்க," என்று புவனா ஆரம்பித்தாள்.

"அறியும்," என்றாள் லிஸி. "உங்க பெட்டியில கப்பலோட பேரு போட்ட பெரிய சீட்டு தொங்குதே!"

புவனா திரும்பிப் பார்த்தாள். தொங்கியது. சுகன்யா அனுப்பி, புவனாவே தன் கையால் கட்டிய சீட்டு. பழனியிலிருந்து கொச்சி வரைக்கும், ரகசியத்தைக் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

லிஸி சேச்சி ஸ்கூட்டரில் பறந்து வந்தாள். டப்பாவைத் திறந்தார்கள். ஏலக்காய் மணக்கும் அருமையான பஞ்சாமிர்தம். அடி வரைக்கும் பஞ்சாமிர்தம்.

கவுன்டர் பெண் தன்னால் முடிந்தவரை காத்திருந்தாள். மேலதிகாரியிடமும் கேட்டுப் பார்த்தாள். பிறகு, விரலில் ஒட்டியிருந்ததை நக்கிக்கொண்டே, "சாரி அம்மா," என்று ஜன்னலை மூடினாள்.

கப்பல் ஒரு கத்துக் கத்திவிட்டு நகர்ந்தது. புவனா பெட்டி மேல் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். இனி ஊருக்குப் போய்ப் பறிகொடுத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. திருடன் என்று ஒருவன் வந்தால்தானே? எல்லா வேலையையும் அவளே பார்த்துவிட்டாள். ராஜமுருகன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் திரும்பினால் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அவர் திரும்பாமலே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

அவருடைய போன் அடித்தது. டப்பாவில் ஒட்டியிருக்கும் கடை எண் அதுதான். அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"பஞ்சாமிர்தக் கடையா? உங்க சரக்கப் பத்தி ஒரு புகார் உண்டு."

ராஜமுருகன் நிமிர்ந்தார். கப்பல் போனதற்குக்கூட வராத கோபம் அவர் முகத்தில் வந்தது. "எங்க அப்பா காலத்துலேர்ந்து ஒரு முடி கெடந்துச்சுன்னு எவனும் சொன்னதில்லைங்க."

"முடி இல்ல. ஆளே கிடக்கு. ஒரு பொம்பள. போட்டோல நம்மள முறைச்சுப் பாக்கா."

லிஸி சேச்சி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். புவனாவுக்கு அழுகை நடுவில் சிரிப்பு வந்து புரையேறியது. மணியன்தான். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வாய் தின்னலாம் என்று திறந்தவர், காலையில்தான் அடியைத் தொட்டாராம்.

"கூரியர்ல போட்டு விட்டுருதேன்," என்றார் மணியன்.

"ஆமாங்க, போட்டுருங்க..." என்று புவனா எழுந்தாள்.

ராஜமுருகன் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். "கூரியரெல்லாம் வேணாங்க. வழியில தொலைஞ்சு போயிரும். நாங்களே வந்து வாங்கிக்கிறோம். ஆமா, உங்க ஊருப் பக்கம் கடல் இருக்கா?"

"கன்னியாகுமரிக்கு ஒரு எட்டு. மூணு கடல் கிடக்கு, எது வேணும்?"

ராஜமுருகன் போனை வைத்தார். புவனாவுக்குச் சந்தேகம் தீரவில்லை. "என்னங்க, கடைய யாரு தெறக்கிறது? மலையில பழம் பழுத்துருமே?"

"பழுத்தா பழுக்கட்டும். எனக்கு இப்ப வேற சோலி கெடக்கு. எந்திரி."

ஸ்டேஷனில் சீட்டு அவரே வாங்கினார். ரயில் வந்து நிற்பதற்குள் முண்டியடித்து ஏறி, ஜன்னலோரத்தில் துண்டைப் போட்டு இடம் பிடித்தார். பெட்டியோடு மூச்சு வாங்க வந்து நின்ற மனைவிக்கு உள்பக்கத்து இடத்தைக் காட்டினார்.

"நீ இங்கிட்டு உக்காந்து தூங்கு. கடல் வந்தா நான் எழுப்புறேன்."