பின் சீட்டுக்காரி

இது நடந்தது. எனக்கே நடந்தது. நம்பாதவர்கள் நம்பவேண்டாம், எனக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் பயந்த சுபாவம், பிரமை என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவள் நான். பிணவறைக்கு அடுத்த அறையில் உட்கார்ந்துதான் இத்தனை வருஷமும் மத்தியானச் சாப்பாடு. ஒரு நாளும் கவளம் தொண்டையில் சிக்கியதில்லை.

என் வீட்டுக்காரர் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. அவ்வளவுதான். எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. ஒரு சைக்கிள் இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து ஓட்டுகிற நீளமான சைக்கிள். இரண்டு சீட்டு, இரண்டு ஜோடி பெடல். முன்னால் அவர், பின்னால் நான். ஹேண்டில்பார், பிரேக், கியர் எல்லாம் முன்னால் இருப்பவர் கையில். பின்னால் இருப்பவருக்கு மிதிப்பது ஒன்றுதான் வேலை. மலை, ஆறு, பாலம் என்று நான் பார்த்ததெல்லாம் அவர் முதுகுக்கு இரண்டு பக்கமும் தெரிந்தது மட்டும்தான். அதற்காகச் சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.

அந்த வண்டியில் இரண்டு பெடலும் ஒரே சங்கிலியில் பிணைந்திருக்கும். ஒருவர் மிதித்தால் மற்றவர் காலும் சுற்றியே தீரவேண்டும். யார் அமுக்கி மிதிக்கிறார், யார் ஏமாற்றுகிறார் என்பது காலிலேயே தெரிந்துவிடும். "என்னம்மா, பின்னாடி தூக்கமா?" என்று திரும்பாமலே கேட்பார்.

"அண்ணி, பாதி ஹாலை அடைச்சுக்கிட்டு நிக்குது. யாருக்காவது கொடுத்துடுங்க" என்றாள் நாத்தனார். கொடுத்துவிடத்தான் நினைத்தேன். அதற்கு முன்னால் ஒரே ஒரு பயணம். மலைச் சரிவில் ஆப்பிள், பேரிக்காய்த் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பழைய சாலை. இப்போது கார் போகமுடியாமல் இரண்டு முனையிலும் கல் நட்டு, சைக்கிளுக்கு மட்டும் என்று விட்டிருக்கிறார்கள். அதில் போகவேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

நான் இடம் பார்க்கப் போகவில்லை. அந்த வண்டியில் ஒரு தடவையாவது அவர் என்கூட இருப்பதுபோல் இருக்காதா என்று ஒரு நப்பாசை. வீட்டில் டிவி ரிமோட்டுக்குச் சண்டை போடக்கூட ஆள் இல்லாமல் இருந்து பாருங்கள், அப்போது தெரியும்.

கிளம்புகிற அன்று சைக்கிள் கடைக்காரர் காற்றடித்துவிட்டுச் சொன்னார். "பின்னாடி ஆள் இல்லேன்னா துள்ளும்க்கா. இறக்கத்துல பார்த்துப் போங்க." பின் பெடல்களில் பாதத்தைச் சேர்த்துக் கட்டுகிற வார்கள் உண்டு. தொங்கிக்கொண்டு எதிலாவது மாட்டாமல் இருக்க, அவற்றை நானே இறுக்கி முடிந்தேன்.

அறுவடை முடிந்த சமயம். மரங்களில் ஒரு காய் இல்லை. பறவைக்குப் போட்ட வலைகளைச் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். காலிப் பெட்டிகள் அடுக்கடுக்காக நின்றன. மனிதர் வாடையே இல்லை. அன்றைக்கு ராத்திரி தங்க மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்ட வீட்டில் அறை சொல்லியிருந்தேன். அந்த வீட்டம்மா போனில் "இருட்டுறதுக்குள்ள வந்துடுங்க" என்றார். நானும் சரி சரி என்றேன்.

முன் சீட்டில் நான் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. கண்ணுக்கு முன்னால் முதுகு இல்லை. சாலை மொத்தமும் தெரிந்தது. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

கடைக்காரர் சொன்னது சரிதான். கல் ஏறும்போதெல்லாம் பின்பக்கம் துள்ளியது. தடக்... தடக்... அந்தச் சத்தம் மட்டும்தான் வழித்துணை.

நாலே முக்காலுக்குப் பெரிய ஏற்றம் ஆரம்பித்தது. நாக்குத் தள்ளிவிட்டது. வேகம் காட்டுகிற சின்ன மீட்டரில் ஆறு... ஐந்து... இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாமா என்று யோசித்தேன்.

அப்போதுதான் கவனித்தேன். தடக் சத்தம் நின்றிருந்தது.

சாலை மாறவில்லை. கல்லும் குழியும் அப்படியேதான் இருந்தன. வண்டி மட்டும் துள்ளவில்லை. பின்னால் கனம் இருந்தால் எப்படி ஓடுமோ அப்படி ஓடியது.

பிறகு பெடல் லேசானது.

மீட்டரில் எட்டு. பத்து. ஏற்றத்தில், பத்து.

பின்னாலிருந்து யாரோ மிதித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. "வந்துட்டீங்களா?" என்று கேட்டேன். மிதி மட்டும் நின்று நிதானமாக வந்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவாரோ என்று பயம். பேசிக்கொண்டே போனேன். குழாய் ஒழுகுவதை, நாத்தனார் குத்திக்காட்டியதை, அவர் சட்டைகளை இன்னும் யாருக்கும் கொடுக்காததை, எட்டு மாதத்துப் பேச்சையும் அந்த ஏற்றத்தில் பேசித் தீர்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் எப்போது இருந்தேன் என்று நினைவில்லை.

உச்சிக்கு வந்தபோது வெளிச்சம் மங்கிவிட்டது. தண்ணீர் குடிக்கலாம் என்று மிதிப்பதை நிறுத்தினேன்.

கால் நிற்கவில்லை.

பெடல் என் காலைச் சுற்றிக்கொண்டே போனது. கீழே நீண்ட இறக்கம். அடியில் ஒரு வளைவு. வளைவுக்கு அப்பால் மரங்கள் தெரியவில்லை, பள்ளம்தான் இருந்தது.

"போதும்ங்க. மெதுவா" என்றேன்.

இன்னும் வேகமாகச் சுற்றியது.

இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தேன். வண்டி கிறீச்சிட்டு நின்றது. கால் ஊன்றி, குதித்து இறங்கினேன். அப்போதுதான் திரும்பினேன்.

பின் சீட்டு காலி.

ஆனால் பின் பெடலில் நான் முடிந்த வார்கள் இரண்டும் அவிழ்ந்திருந்தன. கால் நுழைக்க வாகாக, விரித்து வைத்தது மாதிரி.

ஹேண்டில்பாரை விட்டுவிட்டேன்.

வண்டி விழவில்லை.

அதற்கு ஸ்டாண்டு கிடையாது. சாய்ந்துகொள்ள மரமும் இல்லை. நடுச் சாலையில் நேராக நின்றது. முன்னால் இரண்டு பிரேக்கும் உள்ளே அமுங்கியிருந்தன. யாரோ பிடித்திருக்கிற மாதிரி.

அந்த நிலை எனக்குத் தெரியும். அவர் அப்படித்தான் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் பின்னால் ஏறி, வாரைக் கட்டிக்கொண்டு "ஏறிட்டேன்" என்று சொல்லவேண்டும். சொன்ன பிறகுதான் பிரேக்கை விடுவார். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான்.

எனக்குப் பயம் போய்விட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், ஆசையாகத்தான் கிட்டே போனேன். பின் சீட்டில் கை வைத்தேன். வலது காலை வாருக்குள் நுழைத்தேன். அது தானாக இறுகியது.

வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஏறி...

முன் சீட்டில் இருந்தது எதுவோ, அது அசையவில்லை. காத்திருந்தது.

ஒரு நிமிஷம் இருக்கும். சத்தமே இல்லை. காத்திருந்தது.

என் வீட்டுக்காரருக்குக் காத்திருக்கத் தெரியாது. அரை நிமிஷம் தாங்கமாட்டார். "ஆச்சா? ஆச்சா? விடியறதுக்குள்ள ஏறிடுவியா?" என்று பிடுங்கி எடுத்துவிடுவார். ஒரு தடவைகூட, ஒரே ஒரு தடவைகூட, எனக்காக இவ்வளவு பொறுமையாக நின்றதில்லை.

"நீங்க... யாரு?"

டக்.

இரண்டு பிரேக்கும் ஒன்றாக விடுபட்டன.

வண்டி பாய்ந்தது. மாட்டிய கால் என்னை இழுத்தது. விழுந்தேன். முழங்கை தேய்ந்தது. காலை உதறி உருவினேன். ஷூ வாரிலேயே போய்விட்டது.

வண்டி நேராக இறங்கியது.

விழவில்லை. ஆடவும் இல்லை.

பெடல்கள் சுற்றின.

வளைவில்... அழகாகத் திரும்பியது.

பிறகு கீழே எங்கேயோ, கிறீச்.

நின்றுவிட்டது.

டிங்.

ஒரே ஒரு மணி. கூப்பிடுகிற மாதிரி.

வீட்டம்மாவுக்குப் போன் போட்டேன். சாலையில் விழுந்துவிட்டேன், வண்டி கீழே போய்விட்டது என்று மட்டும்தான் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. "அங்கேயே நில்லுங்க. கீழ இறங்காதீங்க. மணி அடிச்சாலும் இறங்காதீங்க" என்றார்.

மணியைப் பற்றி நான் அவரிடம் சொல்லவே இல்லை.

டார்ச்சுடன் அவரும் அவர் கணவரும் தோட்டத்துக்குள் குறுக்கே நடந்து வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். போகிற வழியில் இன்னும் இரண்டு தடவை மணி கேட்டது. மூன்று பேரும் கேட்டோம். நடையை எட்டிப் போட்டோம்.

காலையில் அவர் கணவர் போய் வண்டியை எடுத்துவந்தார். பள்ளத்தின் விளிம்பில், ஒரு கீறல் இல்லாமல் நின்றதாம். நான் முழங்கைக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நேத்தே சொல்லியிருக்கணும். ரெண்டு பேர் வண்டின்னு நீங்க சொல்லலையேம்மா."

"ஏன்?"

"ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு சார் வந்தாரு. இதே மாதிரி வண்டி. சம்சாரம் தவறிப்போச்சுன்னு தனியா ஓட்டிட்டு வந்தாரு. மறுநாள் அந்தப் பள்ளத்துலதான் கிடைச்சாரு."

"பிரேக் பிடிக்கலையா?"

அவர் என்னைப் பார்க்காமல் பஞ்சை மடித்தார். "எப்படிம்மா பிடிப்பாரு? அவர் பின் சீட்டுல இருந்தாரு. ரெண்டு காலும் வார்ல இறுக்கிக் கட்டியிருந்துச்சு."

பஞ்சை என் முழங்கையில் ஒற்றிக்கொண்டே அவர் சொன்னார்.

"முகத்துல ஒரு பயம் இல்லம்மா. சிரிச்ச முகமா இருந்தாரு."

அதைக் கேட்டபோது எனக்குக் குலை நடுங்கியிருக்கவேண்டும். நடுங்கவில்லை. முகம் தெரியாத அந்த மனிதர் மேல் பொறாமையாக இருந்தது.

அதை நினைத்தால்தான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.