படலை தாண்டிய ஓட்டோ

குழந்தை பிறந்த ஒன்பதாம் நாள் எனக்குக் காய்ச்சல் கொதித்தது. கணவர் பிடித்து வந்த ஓட்டோ வேலிப் படலைக் கதவுக்கு வெளியே நின்றது. மாமி குறுக்கே நின்றார்.

"பிள்ளை பெத்த தீட்டு, முப்பத்தொரு நாள் துடக்கு, இன்னும் கழியேல்லை. உவ படலை தாண்டேலாது!"

ஓட்டோக்காரர் நெற்றி நிறையத் திருநீறு பூசிய மெலிந்த மனிதர். இருக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தவர், சட்டென்று ஓட்டோவைப் பின்பக்கமாக உள்ளே எடுத்து, என் அறை வாசலோடு ஒட்டி நிறுத்தினார்.

"அம்மா, தங்கச்சி இஞ்சை வாசலிலைதான் ஏறப்போறா. படலை தாண்டுறது என்ரை ஓட்டோ. அதுக்கென்ன துடக்கு?"

மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, கெதியாக் கொண்டு போங்கோ!"

சாவகச்சேரி ஆசுப்பத்திரிக்குப் பறந்தோம். கிருமி இரத்தத்தில் ஏறுமுன் வந்துவிட்டீர்கள் என்றார் டாக்குத்தர். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அந்தப் பதில் ஓட்டோக்காரருக்கு அன்றைக்குத்தான் தோன்றியதா, இல்லை, அதற்கு முன்னும் எத்தனையோ வாசல்களில் சொல்லியிருக்கிறாரா? இன்றும் யோசிக்கிறேன்.