மருந்து கண்டுபிடிக்காத கலைமதி மேடம்

கலைமதி மேடம் இறந்த செய்தி எனக்கு ஒரு ஆர்டராகத்தான் வந்தது. காலையில் கடையைத் திறந்து மிஷினைப் போட்டபோது, வாட்ஸ்அப்பில் அவருடைய படமும் பேனரில் போட வேண்டிய வாசகமும் வந்து கிடந்தன. ‘மறதி நோய்க்கு மருந்து கண்ட மாமேதை மறைந்தார்.’ மாரடைப்பு என்பதைப் பிறகு விசாரித்துத்தான் தெரிந்துகொண்டேன். அனுப்பியவன் குமரவேல். மேடத்தின் சித்தப்பா மகன், வில்லியனூரில் ஞாபக லேகியம் விற்கிறவன். அவன் போட்டுக் கொடுத்த மாதிரியில் மேடத்தின் படம் ஓரமாக, சின்னதாக இருந்தது. நடுவில் கைகூப்பி நின்றவன் அவன். அடியில் லேகியக் கடையின் போன் நம்பர். இறந்தது யார் என்று கண்டுபிடிக்கவே கொஞ்சம் நேரம் ஆகும்.

அதே வில்லியனூரில் நான் ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கிற கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து முதல் கருமாதி வரை புகழ்ச்சிதான் எனக்குச் சோறு போடுகிறது. சொந்தத் தெருவில் ஒரு விளக்கு போட வைக்கத் துப்பில்லாதவனை ‘விடிவெள்ளி’ என்று அடித்துக் கொடுத்திருக்கிறேன். அதில் எனக்கு வெட்கம் கிடையாது. அதைப் படிக்கிறவன் எவனும் நம்புவதில்லை, அடிக்கச் சொன்னவன் உட்பட. மேடத்தின் கல்லூரி மாணவர்கள் இந்த நினைவு மலருக்கு என்னிடம் எழுதித் தரச் சொன்னபோது, அவரையும் விடிவெள்ளி ஆக்கிவிடுவேனோ என்று பயந்திருப்பார்கள். பயப்பட வேண்டாம். அவர் இனிமையானவர் என்றுகூட எழுத மாட்டேன். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆராய்ச்சி மாநாட்டில் மாட்ட ஒரு போஸ்டர் அடிக்கத்தான் முதலில் வந்தார். கடையில் தொங்கிய தலைவர்கள் படங்களை, செருப்பில் ஒட்டியதைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அவர் கொண்டுவந்ததில் கட்டம் கட்டமாக, வெளிறிப் போன நிறத்தில் ஒரு படம் இருந்தது. எங்கள் டிசைனர் வழக்கம்போல் கலரைத் தூக்கிப் பளபளவென்று அடித்துவிட்டாள். மேடம் அதை விரித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“இந்த வெளிர் மஞ்சளுக்கும் அந்த வெளிர் மஞ்சளுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம்தான் என் வேலை. நீங்க சிவப்பும் பச்சையுமா ஆக்கி வெச்சிருக்கீங்க. இதைக் கொண்டுபோய் மாட்டினா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம்.”

பளிச்சென்று இருக்கிறதே என்றேன்.

“பளிச்சுன்னு இருக்கக் கூடாதுங்க.”

வாடிக்கையாளர் ஒருவர் கலரைக் குறைக்கச் சொன்னது என் தொழிலில் அதுதான் முதல் தடவை. மறுபடி அடித்துக் கொடுத்தேன், முனகிக்கொண்டே.

அடுத்த முறை வந்தபோது, அப்படி என்னதான் மேடம் ஆராய்ச்சி என்று கேட்டேன். அவர் சொன்னதை என் மண்டையில் ஏறிய அளவுக்குச் சொல்கிறேன். மரபணு என்பது உடம்புக்குள் போகிற ஆர்டர். மூன்று மூன்று எழுத்தாக எழுதியிருக்கும்; அந்த மூன்றெழுத்துக்குக் கோடான் என்று பேர். ஒரே சரக்கைப் பல கோடான்களால் கேட்கலாம். நான் ஃபிளெக்ஸ் ரோலை எந்த ஏஜென்ட்டிடம் கேட்டாலும் அதே ரோல்தான் வரும். ஆனால் கையில் ஸ்டாக் வைத்திருப்பவனிடம் கேட்டால் சீக்கிரம் வரும், மற்றவனிடம் கேட்டால் மிஷின் காத்துக் கிடக்கும். அந்த மாதிரியா என்றேன். கிட்டத்தட்ட என்றார். மறதி நோயோடு தொடர்புள்ள மரபணுக்கள் எந்தக் கோடானை அதிகம் எடுக்கின்றன, எதை ஒதுக்குகின்றன என்று கம்ப்யூட்டரில் பார்ப்பதுதான் அவர் வேலை. வேகம் மாறினால், செய்து முடிக்கிற பொருள் மடிகிற விதமும் மாறலாம். “மாறலாம்னுதான் சொல்றேன்” என்று இரண்டு முறை சொன்னார். இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டேன். நான் வியாபாரி, வேறு எப்படிக் கேட்பேன்? “இப்போதைக்கு யாருக்கும் இல்லை” என்றார். தன் சரக்கைப் பற்றி இப்படிப் பேசுகிற ஆளை நான் பார்த்ததில்லை.

ஊர் அப்படி விடுமா? மறதி நோய், மரபணு என்று இரண்டு வார்த்தை வெளியே கசிந்ததுமே மருந்து கண்டுபிடித்துவிட்டார் என்று பேச்சாகிவிட்டது. மடுகரையிலிருந்தெல்லாம் பெற்றவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பாகூருக்கு, அவர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். அவர் மருந்து இல்லை என்பார். நம்ப மாட்டார்கள். மருந்தைப் பிரான்சுக்காரனுக்கு விற்றுவிட்டாள் என்று டீக்கடையில் ஒருவன் விளக்கம் கொடுத்தான். அவனுக்கு நாளைக்குச் செய்ய வேண்டிய சொந்த வேலை எது என்று தெரியாது, பிரான்சு வரைக்கும் போய் வந்துவிட்டான்.

இந்தக் கூட்டத்தை நம்பித்தான் குமரவேல் லேகியம் கிண்டினான். டப்பாவில் மேடத்தின் படம். ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்தினால்தான் லேகியம் பிடிக்கும் என்பது அவன் கடைச் சட்டம். தெரிந்ததும் மேடம் நேராக அவன் கடைக்குப் போய் வாசலில் நின்றுகொண்டார். வருகிறவர்களிடமெல்லாம், என் படம் போட்ட டப்பாவுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று சொன்னார். அந்தத் தெருவில் வேறொருவருக்குப் போஸ்டர் கொடுக்கப் போன நானும் அங்கே நின்று வேடிக்கை பார்த்தேன்.

“அக்கா, குடும்ப மானம் போவுது, உள்ள வா” என்றான் அவன்.

“மானத்தை டப்பாவுல போட்டு விக்கிறவன் நீதான்டா. நான் வெளியவே நிக்கிறேன்.”

மாலைக்குள் படத்தைக் கிழித்தான். மேடம் உயிரோடு இருந்தவரை அது திரும்ப ஒட்டப்படவில்லை. அவர் போன மறுநாள் காலையிலேயே, துக்கத்தின் பேரில் அதை ஊர் முச்சந்தியில் ஒட்டப் பார்த்தான். அந்த ஆர்டரைத்தான் எனக்கு அனுப்பியிருந்தான்.

அடிக்க முடியாது என்று போனில் சொன்னேன்.

“இன்னாண்ணே, ஊர்ல இருக்கிற அத்தினி பேருக்கும் அடிக்கிற. எங்க அக்காவுக்கு மட்டும் நாயம் பாக்குறியா?”

“மத்தவன் பேனரைப் பார்த்துட்டு எவனும் மாத்திரையை நிறுத்த மாட்டான்டா.”

அவன் விழுப்புரத்தில் அடித்து வாங்கி வந்து, பாகூர் பக்கத்துச் செலியமேடு பஸ் நிறுத்தத்தில் கட்டிவிட்டான். ‘துயரில் துடிக்கும் தம்பி’ என்று ஒரு வரி சேர்த்திருந்தான். நானும் ஒன்று அடித்துப் பக்கத்திலேயே கட்டினேன். என் படம் போடவில்லை, கடைப் பெயரும் போடவில்லை. வெள்ளைத் துணியில் கறுப்பு எழுத்து. ‘பாகூர் கலைமதி. கல்லூரிப் பேராசிரியர். மறதி நோயோடு தொடர்புள்ள மரபணுக்களை ஆராய்ந்தார். மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. கேட்ட எல்லோரிடமும் அதையே சொன்னார்.’

செத்தவளை அசிங்கப்படுத்துகிறாயே, நீ மனுஷனா என்று கேட்டு ஏகப்பட்ட போன். கேட்டவர்களில் பாதிப் பேர் அவர் உயிரோடு இருந்தபோது பிரான்சுக்காரன் கதை பேசியவர்கள். இப்போது அவர்களுக்கு மேடத்தின் மரியாதை மேல் அக்கறை வந்துவிட்டது. போனை அணைத்து வைத்தேன்.

மறுநாள் கோவிந்தன் வந்தார். செலியமேட்டில் கரும்பு போடுகிறவர். அவர் மனைவிக்கு இப்போது அவரையே அடையாளம் தெரிவதில்லை. கையில் ஒரு மஞ்சள் பை வைத்திருந்தார்.

“ரெண்டு பேனரும் பாத்தேன் பா. எது நெசம்?”

“வெள்ளைதான். மருந்து இல்லைங்க.”

“அவளுக்குக் குடுக்கிற சக்கர மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் நிறுத்திட்டு வான்னான் குமரவேலு. நாளையிலேர்ந்து லேகியம் ஆரம்பிக்கலாம்னு இருந்தோம்.” பையை லேசாக ஆட்டினார். உள்ளே மாத்திரை அட்டைகள் சரசரத்தன. “அந்தம்மா கண்டுபுடிச்சிருந்தா நல்லாருந்திருக்கும்.”

“நல்லாருந்திருக்கும்.”

“இல்லியே.”

“இல்லைங்க.”

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு டீ சொல்லச் சொன்னார். குடித்துவிட்டு, மத்தியான மாத்திரை கொடுக்க நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.

வீடு தேடி வருகிறவர்களிடம் ஏன் இப்படி முகத்தில் அடித்தமாதிரி பேசுகிறீர்கள், உட்கார வைத்து ஒரு டீ கொடுத்துவிட்டு மெதுவாகச் சொல்லக் கூடாதா என்று மேடத்திடம் ஒருமுறை கேட்டிருக்கிறேன். “டீ கொடுத்துட்டு இல்லைன்னு சொன்னா நம்ப மாட்டாங்க. முதல்ல இல்லைன்னு சொல்லிடணும். அதுக்கப்புறமும் உட்கார்ந்தாங்கன்னா டீ கொடுக்கணும்” என்றார். வியாபாரத்தில் இப்படி ஒரு முறை கிடையாது; இதைப் பின்பற்றுகிற கடை ஓடாது. என்றாலும் அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். மற்றதை அவர் மாணவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.