ஃபில்டர் காப்பாற்றியதை நான் கீறினேன்

எண்பதுகளின் நடுவில், ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் வாடகைக்குக் குடியிருந்தபோது நடந்தது இது. என் பிள்ளைகள் இருவரும் அப்போது பிறக்கவில்லை. அவர்களுக்கும் அவர்கள் வயதுப் பிள்ளைகளுக்கும் சொல்லிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்து, இப்போதுதான் எழுத உட்கார்ந்தேன். நான் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. படித்தவன். எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கிரைண்டிங் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். வரிசையாக ஆறு வீடு, பொதுவாக ஒரு குழாய். பக்கத்து வீட்டில் கிருஷ்ணகிரியைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் குடும்பம். கணவர் லாரி டிரைவர். நான் அவரை பாய் என்றும், அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். கிரானைட் கல் இறக்கும்போது பாயின் காலில் கல் சரிந்து, மாவுக்கட்டுப் போட்டு மாதக்கணக்கில் கட்டிலில் கிடந்தார். அந்த நாளில் அந்த வீட்டு அடுப்பை எரியவைத்தது ஒரு கேமராதான்.

அக்காவின் தம்பி வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கேமரா அது. படம் எடுப்பதை அக்கா தானாகவே பழகிக்கொண்டார். அவர்கள் சொந்தபந்தங்களின் கல்யாணங்களில் பெண்கள் இருக்கும் பக்கம் ஆண் போட்டோகிராபரை விடமாட்டார்கள். இப்படி ஒரு அம்மா படம் எடுக்கிறார் என்று தெரிந்ததும் மத்தூர், கிருஷ்ணகிரி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பர்தாவின் மேல் கேமராவை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போவார்.

கேமராவின் முகப்பில் வட்டமாக ஒரு கண்ணாடி இருக்கும். அதுதான் லென்ஸ் என்று நான் நினைத்திருந்தேன். "அது ஃபில்டர் தம்பி. தூசி, விரல், அடி எல்லாம் முதல்ல இது மேல படணும். இது போனா வேற வாங்கிக்கலாம். உள்ள இருக்கற லென்ஸ் போனா நாங்க எங்க போறது?" என்று ஒருநாள் அக்கா விளக்கினார். அதைத் துடைப்பதைக்கூடச் சடங்கு மாதிரி செய்வார். கேமராவைத் தலைகீழாகப் பிடித்து, காது கழுவ வைத்திருக்கும் ரப்பர் பந்தை அழுத்தித் தூசியை விரட்டுவார். பிறகு மெல்லிய பிரஷ். அதற்கும் போகாத கறைக்குத்தான் துவைத்துத் துவைத்து நைந்துபோன மல் துணி, அதுவும் நடுவிலிருந்து ஓரத்துக்கு, பட்டும் படாமல். வாயால் ஊதவே மாட்டார். எச்சில் தெறிக்குமாம்.

ஒரு வியாழக்கிழமை மத்தூரிலிருந்து வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது கேமராவின் தோல்வார் அறுந்து, கேமரா முகம் குப்புற விழுந்துவிட்டது. அந்த வாரைச் சில நாளுக்கு முன்தான் பாய் கட்டிலில் உட்கார்ந்தபடியே ஊசிநூலால் தைத்துக் கொடுத்திருந்தார். ஃபில்டர் சிலந்தி வலை போல் விரிசல் விட்டு, வளையம் நசுங்கிப் போயிருந்தது. உள்ளே லென்ஸ் எப்படி இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியவில்லை. வளையத்தைத் திருகினால் அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியில் பெரிய வீட்டுக் கல்யாணம்.

"கம்பெனில கழட்ட முடியுமா தம்பி?" என்று அக்கா கேட்டார்.

"இதென்னக்கா பிரமாதம்? மைக்ரான் கணக்குல வேலை பாக்குறவன் நான்" என்றேன்.

"வளையத்த மட்டும் கழட்டிக் குடுங்க. கவுத்துப் புடிச்சுக்கினே செய்ங்க, சில்லெல்லாம் கீழ உழுந்துரும். ஊத வேணாம், துடைக்க வேணாம். மிச்சத்த நான் பாத்துக்கறேன்." இதை இரண்டு தடவை சொன்னார்.

கட்டிலிலிருந்து பாய், "என் தையலுக்கு நீங்கதான் தம்பி தீர்ப்பு எழுதணும். லென்ஸ் உசுரோட இருந்தா எனக்கு வீட்ல சோறு உண்டு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கண் கேமராவின் மேலேயே இருந்தது.

மறுநாள் கேட்டில் எழுதிவைத்துவிட்டு கேமராவை உள்ளே கொண்டுபோனேன். சாப்பாட்டு இடைவேளையில் வேலையை ஆரம்பித்தேன். கவிழ்த்துப் பிடித்து, சில்லுகளைத் தட்டி உதிர்த்து, மூக்குப் பிளையரால் வளையத்தை உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கினேன். மரை கெடாமல் அழகாகக் கழன்று வந்தது. நிமிர்த்திப் பார்த்தேன். லென்ஸில் ஒரு கோடுகூட இல்லை, கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது. ஓரத்தில் இரண்டு மூன்று பொடிச்சில்லு மட்டும் மின்னியது.

அங்கேயே பொட்டலம் கட்டியிருக்கலாம். ஆனால் எங்கள் வேலையில் எதை முடித்தாலும் கை தானாக ஏர் கன்னுக்குப் போகும். மெஷினுக்கும் காற்று அடிப்போம், தேய்த்து முடித்த ஜாபுக்கும் அடிப்போம், ஷிஃப்ட் முடிந்தால் எங்கள் சட்டைக்கும் தலைக்கும் அடித்துக்கொள்வோம். யோசிக்கவே இல்லை, எடுத்து ஒரு அடி அடித்தேன். சில்லு போய்விட்டது. ஆனால் கம்ப்ரஸர் குழாயிலிருந்து எண்ணெயும் தண்ணீரும் கலந்து லென்ஸ் முழுக்கப் புகை போல் படிந்துவிட்டது. பதறிப்போய், பாக்கெட்டில் இருந்த பனியன் வேஸ்ட்டால் துடைத்தேன். காலையெல்லாம் மெஷினைத் துடைத்த துணி. அதில் இரும்புப் பொடி இல்லாமல் இருக்குமா? கையில் 'கிறீச்' என்று ஒரு சின்ன அதிர்வு. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், லென்ஸின் நடுவிலிருந்து ஓரம் வரை பிறை போல் ஒரு வெள்ளைக் கீறல்.

விழுந்தபோது ஃபில்டர் தன்னைக் கொடுத்துக் காப்பாற்றியதை நான் ஒரு நிமிஷத்தில் கெடுத்துவிட்டேன்.

வீடு வரும் வரை ஒன்றே ஒன்றுதான் மனதில் ஓடியது. ஃபில்டருக்குள் லென்ஸ் எப்படி இருந்தது என்று என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. நான் சொல்வதுதான் கதை. சொன்னேன். "விழுந்தப்பவே சில்லு கீறிருச்சுக்கா. கழட்டிப் பாத்தா இப்படி இருக்கு."

அக்கா கேமராவை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பாயும் கையை நீட்டி வாங்கிப் பார்த்தார். பிறகு அறுந்த வாரை எடுத்துத் தன் தையலைத் தடவிக்கொண்டே, "நூலை ரெட்டையாப் போட்டிருக்கணும். ஒத்த நூலுல தச்சுட்டேன்" என்றார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கிற மனிதர்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். என் மனைவி தட்டு வைத்தாள். என்னால் பிசையக்கூட முடியவில்லை. "என்னங்க ஆச்சு?" என்றாள். சொன்னேன். அவள் திட்டவில்லை. "கால் ஒடிஞ்ச மனுசன் தலையிலயா போட்டுட்டு வந்தீக?" என்று மட்டும் கேட்டாள். கையைக் கழுவிவிட்டு எழுந்தேன்.

அவர்கள் வாசலில் போய் நின்றேன். "என்ன தம்பி, ஸ்பானர் எதுனா மறந்துட்டீங்களா?" என்று அக்கா கேட்டார்.

"விழுந்ததுல கீறல் விழலக்கா. கழட்டுறப்ப லென்ஸ் நல்லாத்தான் இருந்துச்சு. நாந்தான் காத்து அடிச்சு, வேஸ்ட்டால துடைச்சேன்."

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ரெண்டு தடவ சொன்னேனே. ஊத வேணாம், துடைக்க வேணாம்னு ரெண்டு தடவ சொன்னேனே. மைக்ரான் மைக்ரான்னு பேசினீங்களே." குரல் உடைந்து அடுக்களைக்குள் போய்விட்டார். அந்தக் கோபம் நியாயம். நான் நின்றேன்.

கட்டிலில் பாய் மெதுவாக இந்தப் பக்கம் திரும்பினார். "அப்ப என் தையல் லென்ஸைக் கொல்லல" என்றார். பிறகு அடுக்களையைப் பார்த்துக் குரலை உயர்த்தி, "கேட்டியா? எனக்கு இன்னிக்குச் சோறு உண்டு. தம்பிக்குத்தான் இல்ல" என்றார். அவர் என்னைப் பார்த்து, "உள்ள வாங்க தம்பி. வாசல்ல நின்னா கீறல் மறையுமா?" என்றார்.

கொஞ்ச நேரத்தில் அக்கா வெளியே வந்தார். மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் சொல்லவில்லை. கேமராவை எடுத்து வேலையை ஆரம்பித்தார். முதலில் ரப்பர் பந்து, பிரஷ். எண்ணெய்ப் படலத்தை மல் துணியில் மூச்சு ஈரம் மட்டும் வைத்து, துணியை மாற்றி மாற்றி எடுத்தார். கீறல் மட்டும் பளிச்சென்று நின்றது. கல்யாண வீட்டில் டியூப்லைட் வெளிச்சம் அதில் பட்டால் படத்தில் வெள்ளைப் புகை விழும் என்றார். படம் கழுவித்தரும் ஸ்டூடியோக்காரர் எப்போதோ சொன்ன ஒரு வழி அவருக்கு நினைவு வந்தது. போட்டோவில் புள்ளி திருத்தும் கறுப்பு மையை எடுத்து, ஒற்றை முடி மாதிரி மெல்லிய பிரஷ்ஷால் அந்தக் கீறலுக்குள் மட்டும் நிரப்பினார். "வெள்ளையா இருந்தா வெளிச்சத்த நாலா பக்கமும் எறியும். கறுப்பாயிட்டா சும்மா கெடக்கும்." மூச்சை அடக்கி அவர் கோடு இழுத்ததைப் பார்த்தபோது, மைக்ரான் வேலை என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை நான் லீவு போட்டு பெங்களூர் போனேன். ஓசூரில் அந்த அளவு ஃபில்டர் கிடைக்கவில்லை. கடைக்காரர் கன்னடத்தில் ஏதோ கேட்டார். எனக்கு 'சைஸ்' மட்டும்தான் புரிந்தது. நசுங்கிய வளையத்தில் பொறித்திருந்த எண்ணைக் காட்டினேன். அவர் வளையத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது மேல லாரி போச்சா?" என்று தமிழிலேயே கேட்டார். ஒரு புது ஃபில்டரும், பக்கத்து வெளிச்சம் லென்ஸில் படாமல் மறைக்க ஒரு கறுப்பு ரப்பர் ஹூடும் வாங்கி வந்தேன். இரண்டையும் மாட்டிவிட்டு அக்கா சொன்னார்: "இனிமே நீங்க பாக்க மட்டும்தான். தொடக் கூடாது."

படம் நன்றாக வருமா என்று சோதித்துப் பார்க்க நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் போய் எடுத்துவிட்டு வந்தார். அந்த வாரம் முழுக்க, படம் கழுவி வந்துவிட்டதா என்று தினமும் போய்க் கேட்டேன். வந்தன. எல்லாம் தெளிவாக இருந்தன. இரண்டே இரண்டில் மட்டும், கல்யாணப் பெண்ணின் பின்னால் நேராக விளக்கு இருந்த இடத்தில், சாம்பிராணிப் புகை போல் லேசாக ஒரு வெண்மை.

பெண்ணின் தாயார் படங்களை வாங்க மூக்கண்டப்பள்ளிக்கே வந்தார். நான் பாயிடம் பேசிக்கொண்டு வாசலோரம் உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டு படத்தையும் அக்கா நடுவில் சொருகி ஒளிக்கவில்லை, முதலிலேயே எடுத்துக் காட்டினார். "இந்த ரெண்டும் சரியா வரலம்மா. லென்ஸுல ஒரு கீறல் இருக்குது. தெரிஞ்சுதான் எடுத்தேன்."

"கீறலா? யாரு பண்ணாங்க?" என்று அந்தத் தாயார் கேட்டார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "எங்கிட்ட இருக்கற கேமராம்மா. நல்லது கெட்டது எல்லாம் என்னுதுதான்" என்றார்.

அந்தத் தாயார் மற்ற படங்களைப் புரட்டி, மகள் மருதாணிக் கையால் வாயைப் பொத்திச் சிரிக்கும் ஒரு படத்தில் வெகுநேரம் நின்றார். அடுத்த மாதம் தன் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்கும் வரச் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு நாங்கள் வீடு மாறினோம், அவர்களும் கிருஷ்ணகிரிக்கே திரும்பிப் போய்விட்டார்கள். இன்றைக்கும் என் பிள்ளைகள் எதையாவது உடைத்துவிட்டு, உள்ளே வரவும் மாட்டாமல் வெளியே போகவும் மாட்டாமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, அந்த வாசலில் நான் நின்றது நினைவுக்கு வரும். யார் உடைத்தது என்று கேட்க வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, "முதலில் உள்ளே வா" என்றுதான் சொல்கிறேன்.