புழுதி படிந்த தாள்

காற்றில் மிதக்கும் தூசியைப் பிடித்து எடை போடக் கொடுப்பது என் வேலை. மும்பையில் மூச்சு விடுகிற நீங்களும் என்னைப் போல மாட்டிக்கொண்டவர்கள்தான். அதனால் உங்களிடம் சொல்லலாம்.

கறுப்பு

திலக் நகரில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் எங்கள் மெஷின் இருக்கிறது. காலையில் அதில் ஒரு வெள்ளைத் தாளை வைப்பேன். மெஷின் காற்றை இழுக்க, தூசி தாளில் தங்கும். மறுநாள் எடுக்கும்போது வண்டிப் புகையில் கறுத்திருக்கும். ஆண்டாப் ஹில்லிலிருந்து வரும் வாட்ச்மேன் ஒரு மாதம் இதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வெள்ளையாக் கொண்டாந்து கறுப்பாக்கி எடுத்துட்டுப் போற. இதுக்கு மாசம் பொறந்தா சம்பளம் வேற குடுக்கானா?"

செம்மண் நிறம்

சித்திரையில் ஒருநாள் தாள் பழுப்பாக வந்தது. மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். தண்டவாளத்து ஓரத்தில் கீரை போடும் இசக்கி அண்ணாச்சி, காய்ந்த பாத்தியை மம்பட்டியால் கொத்திப் புரட்டிக்கொண்டிருந்தார். மண் புகையாக எழும்பி, மதில் தாண்டிக் குடிசைகள் மேல் இறங்கியது. முதல் குடிசை அவருடையதுதான்.

இறங்கிப் போய்க் கேட்டேன். அவர் ஊர் நாங்குநேரிப் பக்கம் கோடையில் இப்படித்தான் புழுதி உழவு போடுவார்களாம். களை காயும், பூச்சி முட்டை வெயிலில் பொரியும். அங்கே காடு கிடக்கிறது, புழுதி போக இடமுண்டு. இங்கே மதிலுக்கு இந்தப் பக்கம் மண், அந்தப் பக்கம் ஆட்கள். அண்ணாச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்: "புழுதி பறந்தாத்தான் தம்பி, மண்ணு பக்குவமாயிருக்குன்னு அர்த்தம்."

செல்லம்மாக்கா

அவர் மனைவி செல்லம்மாக்கா வாசல்படியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். கையில் மூச்சுக்கு இழுக்கும் பம்பு. நெஞ்சு விசில் அடித்தது. போன வாரம் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்தார்களாம். "எப்பக்கா அதிகமா வருது?" என்றேன். விட்டு விட்டுச் சொன்னார்: "அவரு... கொத்துத அன்னிக்கு."

"அண்ணாச்சிகிட்டச் சொன்னீங்களா?"

இல்லையென்று தலையை ஆட்டினார். "சொல்லிராதப்பா. அந்த மம்பட்டியாலதான்... எனக்கு மருந்தே வாங்குதாரு. அதையா நான் குத்தம் சொல்லுவேன்?"

கெட்டுப்போன சாம்பிள்

வாக்குக் கொடுத்துவிட்டேன், வாய் திறக்க முடியாது. ஆனால் மெஷினைப் பார்க்க வாருங்கள் என்று அண்ணாச்சியை மாடிக்கு அழைக்க யார் தடுப்பார்கள்? அன்றும் தாள் பழுப்பு. கறுத்த தாள் எந்த நாள், பழுப்பான தாள் எந்த நாள் என்று மட்டும் சொன்னேன். கைபடக் கூடாது என்று சொல்வதற்குள், வயலில் மண் பார்ப்பதுபோல இரண்டு விரலால் தாளைத் தேய்த்து, மோந்து பார்த்துவிட்டார். கீழே இருமல் கேட்டது.

"அவ முடியாமக் கெடந்த நாளெல்லாம்," என்றார், "நான் கொத்தின நாளுல்லா தம்பி."

ஈரம்

மறுநாளிலிருந்து தண்ணீர் தெளித்து, மண் ஈரமான பிறகே கொத்துகிறார். அதுவும் விதை போடும் வரியை மட்டும். மற்ற இடத்தில் கீரைத் தண்டும் சருகும் மூடிக் கிடக்கின்றன. களை கூடுதல்தான், குனிந்து கையால் பிடுங்குகிறார். தாள் பழையபடி கறுப்பாகவே வருகிறது; ரோட்டுப் புகையை யார் நனைப்பது? செல்லம்மாக்காவிடம் விசாரித்தேன். ஒரே மூச்சில் சொன்னார்: "இருமல் போவலப்பா, ஆனா அந்த மனுசனை முழுசா ஒரு வசவு வைய முடியுது."

அலுவலகப் பதிவேட்டில் அண்ணாச்சி விரல் பட்ட அந்த நாளுக்கு நேரே 'சாம்பிள் கெட்டது, பயனில்லை' என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். இதுவரை நான் எடுத்ததில் ஒருவருக்காவது பயன்பட்டது அது ஒன்றுதான்.